கெடாத ஆக்சிலரி

ஒரே சாமானை ஒருவன் வாராவாரம் வாங்கினால் கடைக்காரிக்குச் சந்தோஷமாக இருக்க வேண்டும். எனக்கு எரிச்சல்தான் வந்தது.

திருப்பதியில் ரேணிகுண்டா ரோட்டில் எங்கள் கடை. மோட்டார் ஸ்டார்ட்டர், காண்டாக்டர், ரிலே, பொத்தான் என்று ஃபேக்டரிக்கு வேண்டியதை மட்டும் விற்கிறோம். பல்பு கேட்டு வருகிறவர்களை அடுத்த கடைக்கு அனுப்பிவிடுவோம். கல்லாவில் என் வீட்டுக்காரர் கோவர்த்தனன் உட்காருவார். கவுண்டரில் நான், சுலோசனா. எலக்ட்ரிக்கல் டிப்ளமோ படித்தது நான், அவர் பி.காம். வருகிறவர்களிடம் நான் அளவுக்கு மீறிக் கேள்வி கேட்கிறேன் என்பது அவருடைய நிரந்தரக் குறை. "கேட்டத்த குட்த்து அனுப்பேன், உனுக்கு இன்னாத்துக்கு ஊரு நாயம்" என்பார். எனக்கு அது வராது. ஒரு சாமான் ஏன் கெட்டது என்று தெரியாமல் புதுசை எடுத்துக் கொடுத்தால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது.

வாராவாரம் வந்தவன் ஹரிபாபு. பங்காருபாளையத்தில் ஒரு மாம்பழக் கூழ் ஃபேக்டரியில் எலக்ட்ரீஷியன். சொந்த ஊர் விஜயபுரம் பக்கம். சனிக்கிழமை சாயங்காலம் ஊருக்குப் போகிற வழியில் திருப்பதியில் இறங்கி, கடைக்கு வந்து, "ஆக்சிலரி ஒண்ணு குடுக்கா" என்பான். சித்தூரில் அந்த மாடல் கிடைப்பதில்லை.

ஆக்சிலரி என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். மோட்டாருக்குப் போகிற கரண்டைத் தாங்குவது காண்டாக்டர். அதன் தலைமேல் தீப்பெட்டி அளவில் உட்கார்ந்திருப்பது ஆக்சிலரி. மோட்டாரின் கரண்ட் ஒரு சொட்டும் அதன் வழியாகப் போகாது. கீழே இருக்கிற பெரியவர் மூடினால் இதுவும் மூடும், அவர் திறந்தால் திறக்கும், அவ்வளவுதான். ஆனால் பச்சைப் பொத்தானை அழுத்தி விரலை எடுத்த பிறகும் மோட்டார் ஓடுகிறதே, அது இந்தச் சின்னவரின் புண்ணியம். விரல் விட்ட இடத்தை அது பிடித்துக்கொள்கிறது. கரண்ட் போனால் பிடியை விட்டுவிடும். கரண்ட் திரும்பி வந்தாலும் தானாகப் பிடிக்காது. மறுபடி ஒரு மனுஷன் வந்து பொத்தானை அழுத்தியாக வேண்டும்.

கரண்ட் தாங்குகிற காண்டாக்டர் தேயும், கருகும், பல் இளிக்கும். ஆக்சிலரி லேசில் சாகாது. அப்படியிருக்க ஜூன் மாதம் பிறந்ததிலிருந்து இவன் வந்துகொண்டே இருந்தான்.

"இன்னாடா, ஆக்சிலரிய பொரிச்சி துன்றியா?" என்று கேட்டேன்.

ஹரிபாபு சிரிக்கவில்லை. "ஒட்டிக்கிதுக்கா. கரண்ட் போயி வந்தா மெஷின் தானா ஓடுது. யாரும் பொத்தான தொடல. ஆக்சிலரி வுடாம புட்ச்சிக்கினு இர்ந்தாதான அப்டி ஆவும்?"

அவன் யோசித்தது தப்பில்லை. ஒட்டிக்கொண்ட ஆக்சிலரி அதைத்தான் செய்யும். "கழட்டினத எல்லாம் இன்னா பண்ண?" என்றேன். டூல் பெட்டியில் கிடப்பதாகச் சொன்னான். அடுத்த வாரம் அத்தனையும் வந்தாக வேண்டும், இல்லாவிட்டால் புதுசு கிடையாது என்று சொல்லி அனுப்பினேன். கோவர்த்தனன் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டாம்.

அடுத்த சனிக்கிழமை கேரி பேக்கில் கொண்டுவந்து கவுண்டரில் கொட்டினான். மீட்டரை எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அழுத்தினால் பீப். விட்டால் அமைதி. அடுத்ததும் அப்படியே. எல்லாமே கடையிலிருந்து நேற்றுப் போன மாதிரி வேலை செய்தன. ஒன்றைத் திறந்தே பார்த்துவிட்டேன். உள்ளே வெள்ளிப் புள்ளிகள் பளபளவென்று இருந்தன.

"ஒண்ணுகூட கெடலடா. நல்லா இர்க்கறவன கொண்டாந்து ஆஸ்பத்திரில படுக்க வெச்சிக்கினு கீற நீ."

"அப்ப மெஷின் எப்டிக்கா தானா ஓடுது?"

பதில் தெரியவில்லை. எனக்குப் பதில் தெரியாத கேள்வியை ஒருவன் என் கடைக்கே வந்து கேட்டால் எனக்குக் கோபம் வரும். "யாரு சொன்னது தானா ஓடுதுன்னு? நீ கண்ணால பார்த்தியா?" என்று சீறினேன்.

"நான் பாக்கல. எங்க அக்கா சொல்லுச்சி" என்றான். பிறகு மற்றதைச் சொன்னான்.

அவனுடைய அக்கா யமுனாவும் அவள் புருஷன் ரமணாவும் அதே ஃபேக்டரியில் சீசன் வேலை. ஊரில் அவர்களுக்கு முதன்முதலாகச் சொந்தமாகி இருக்கும் நிலத்தில் கடலை போட்டுவிட்டு, மாங்காய் காலத்துக்கு இங்கே வந்து அறை எடுத்துத் தங்கியிருக்கிறார்கள். மாம்பழத்திலிருந்து கொட்டையைப் பிரிக்கிற மெஷினில் ரமணா ஆப்பரேட்டர். மேடைமேல் நின்று பழத்தை உள்ளே தள்ளுவான். மெஷினின் மறுபக்கம், கீழே, கொட்டை வெளியே வருகிற வாய். அங்கே யமுனா. தோத்தாபுரிக் கொட்டையும் நாரும் சேர்ந்து வாயில் அடைத்துக்கொள்ளும். அதைக் கையை விட்டுத்தான் எடுக்க வேண்டும். உள்ளே இரும்புத் துடுப்புகள் சுற்றும்.

ஒரு நாள் கரண்ட் இல்லாத நேரத்தில் அவள் கை உள்ளே இருந்தது. கரண்ட் வந்தது. மெஷின் யாரையும் கேட்காமல் ஓட ஆரம்பித்தது. வளையல் உடைந்து உள்ளே போனது, கை வெளியே வந்தது. அன்றைக்கு அது நல்ல நேரம்.

"சூப்பர்வைசர் நம்பல. பொத்தான யாரும் அமுக்காம ஓடாது, நீதான் எங்கியோ இட்ச்சிட்டன்றான். எங்க மாமாவும் அத்தயேதான் சொல்றாரு. பயந்துக்கினு ஒளற்ரான்றாரு. அக்கா இனிமே உள்ள கைய வுட மாட்டேன்னிட்ச்சி. வுடலன்னா திங்கள்லர்ந்து வராதன்ட்டாங்க" என்றான் ஹரிபாபு. "எனுக்கு எங்க அக்கா பொய் சொல்லாதுன்னு தெரியும். வேற இன்னா மாத்தறதுன்னுதான் தெரியல."

"நீ நிக்கும்போது எப்பனா ஓடிச்சா?"

"இல்லக்கா. நானே மெயின எறக்கி ஏத்தி பார்த்தேன், எத்தினியோ வாட்டி. பொத்தான அமுக்கினாதான் ஓடுது."

"உன்ன பார்த்தா பயமா அதுக்கு?"

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அதே நினைப்பு. சாப்பாட்டு மேசையில் ஒரு ஸ்டார்ட்டரைத் திறந்து வைத்து வயர் வயராகப் பார்த்தேன். வயர் எங்காவது உரசி எர்த் ஆகியிருக்கலாம். பொத்தானுக்குள் கூழ் ஊறி ஒட்டியிருக்கலாம். கோவர்த்தனன் இட்லித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டார். ஒரு விஷயம் மட்டும் இடித்துக்கொண்டே இருந்தது. வயர் கோளாறாக இருந்தால் ஹரிபாபு இருந்தாலும் ஓட வேண்டும், இல்லாவிட்டாலும் ஓட வேண்டும். ஆளைப் பார்த்து ஒளிந்துகொள்கிற கோளாறு எனக்குத் தெரிந்து எந்த சர்க்யூட்டிலும் கிடையாது. அங்கே ஒளிவது ஒரு மனுஷனாகத்தான் இருக்க வேண்டும்.

திங்கள் காலையில் ஹரிபாபு போன் செய்தான். யமுனா வேலைக்கு வந்துவிட்டாளாம். கையை உள்ளே விடுவதாக ஒத்துக்கொண்டாளாம். "துன்றதுக்கு இன்னா பண்றது, சீசன் முடிய ஒரு மாசந்தான கீதுன்ட்ச்சிக்கா" என்றான்.

"நான் வர்றேன். நீ அந்த மெஷின் பக்கமே போவாத. பாய்லர் ரூம்ல இரு. நான் வர்றது யாருக்கும் தெரிய வாணாம். கரண்ட் போனா மட்டும் உங்க அக்காகிட்ட ஓடு" என்று சொல்லிவிட்டுப் பையில் மீட்டரைப் போட்டுக்கொண்டேன். கோவர்த்தனன் கல்லாவைப் பூட்டினார். பஸ் ஸ்டாண்டுவரை வண்டியில் கொண்டுவந்து விட்டார். அவரும் ஞாயிறு முழுவதும் யோசித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

சித்தூரில் இறங்கி பலமனேர் பஸ் பிடித்துப் போனேன். பங்காருபாளையம் நெருங்கும்போதே ரோட்டோரம் மாங்காய் ட்ராக்டர்கள் வரிசை கட்டி நின்றன. ஃபேக்டரி கேட்டில் என்னைத் தெரியும். ஸ்பேர் விஷயமாகப் பார்க்க வந்திருக்கிறேன் என்றதும் விட்டார்கள். உள்ளே தரையெல்லாம் தண்ணீர், ஈ, பழத்தின் புளித்த வாசனை. மெஷின் சத்தத்தில் பக்கத்தில் பேசுகிறவர் குரலே கேட்காது.

மேடைக்குக் கீழே தூணில் பேனல் இருந்தது. மேடைமேல் முண்டாசு கட்டிக்கொண்டு ஒருவன் பழம் தள்ளிக்கொண்டிருந்தான். அவன்தான் ரமணாவாக இருக்க வேண்டும். அவன் நிற்கிற இடத்திலிருந்து பேனல் தெரியும், கேட்டும் தெரியும். கொட்டை விழுகிற பக்கம் மட்டும் தெரியாது. நடுவில் மெஷினே சுவர் மாதிரி நின்றது.

பேனலைத் திறக்க வேண்டிய வேலையே இருக்கவில்லை. கதவின்மேலேயே இருந்தது. பச்சைப் பொத்தானின்மேல் மடித்த அட்டைத் துண்டு. அதை அழுத்திப் பிடித்தபடி, பொத்தான் பெட்டியைச் சுற்றி இறுக்கிக் கட்டிய கறுப்பு சைக்கிள் ட்யூப்.

நாகலாபுரத்துக்காரி நான். எங்கள் பக்கத்தில் இதைப் பார்க்காத ஆளே கிடையாது. விவசாயத்துக்குக் கரண்ட் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அதற்காக யார் கிணற்றடியில் காத்துக்கிடப்பது? பச்சைப் பொத்தானை ட்யூப்பால் கட்டிவிட்டுப் போய்விடுவார்கள். கரண்ட் வந்ததும் மோட்டார் தானாக ஓடி, தண்ணீர் தானாகப் பாயும். எல்லா மோட்டாரும் ஒரே நேரத்தில் கிளம்பினால் ட்ரான்ஸ்ஃபார்மர் எரிகிறது என்று லைன்மேன் திட்டுவார். அதனால் அவருடைய வண்டிச் சத்தம் கேட்டதும் ட்யூப் சட்டைப் பாக்கெட்டுக்குப் போய்விடும். அவர் தலை மறைந்ததும் பழைய இடத்துக்கு வந்துவிடும். என் அண்ணன் கிணற்றிலும் அதே கதைதான்.

ஆக்சிலரி பாவம், ஒவ்வொரு தடவையும் ஒழுங்காகத்தான் பிடியை விட்டிருக்கிறது. அதற்குப் பக்கத்திலேயே ஒரு விரல் இருபத்துநாலு மணி நேரமும் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தால் அது என்ன செய்யும்?

நான் வாயைத் திறப்பதற்குள் ஹரிபாபு வந்துவிட்டான். பாய்லர் ரூமில் இரு என்றால் இருப்பானா? வாசலிலிருந்தே, "மாமா! மாமோவ்!" என்று உரக்கக் கூப்பிட்டுக்கொண்டு வந்தான். அக்கா புருஷனிடம் அப்படித்தான் போக வேண்டும். கூப்பிடாமல் போய்ப் பக்கத்தில் நின்றால் வேவு பார்க்க வந்தது போல ஆகிவிடும். அந்த மரியாதைதான் இத்தனை வாரமாக அவன் கண்ணைக் கட்டியிருந்தது. குரல் கேட்டதுமே ரமணா ஏணியில் சரசரவென்று இறங்கினான். என்னை யாரோ ஆபீஸ் அம்மா என்று நினைத்திருப்பான். கும்பிடு போட்டபடியே என்னைத் தாண்டிப் போய், ஒரே இழுப்பில் ட்யூப்பை உருவிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். அட்டை கீழே விழுந்தது. மெஷின் நிற்கவில்லை. இப்போது அதை ஆக்சிலரி பிடித்துக்கொண்டிருந்தது.

"பார்த்தியாக்கா? ஒழுங்கா ஓடுது" என்றான் ஹரிபாபு என் காதருகே வந்து.

நான் மெயின் கைப்பிடியைக் கீழே இறக்கினேன். சத்தம் அடங்கிப்போனது.

"பாக்கெட்ல இன்னா?" என்றேன் ரமணாவிடம்.

அவன் மழுப்பவில்லை. அதற்காக அவனைக் கொஞ்சம் பிடித்தது. ட்யூப்பை எடுத்துக் காட்டினான். "ஒரு ஷிப்டுக்கு எத்தினி வாட்டி கரண்ட் போவுது தெரியுமா மேடம்? ஒவ்வொரு வாட்டியும் எறங்கி வந்து அமுக்கிட்டு ஏறணும். அதுக்குள்ள மேல பழம் ரொம்பி வழியுது, சூப்பர்வைசர் கத்தறான். ஊர்ல எல்லாரும் இப்டித்தான கட்டறாங்க? இதனால யாருக்கு இன்னா ஆச்சி?"

"மாமா" என்றான் ஹரிபாபு. வாரம் தவறாமல் நல்ல ஆக்சிலரியைக் கழற்றி எறிந்தவன் அவன். ட்யூப்பையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"மெயின்மேல கைய வெச்சிக்கினு நில்லு. நான் சொல்ற வரிக்கும் ஏத்தாத" என்று அவனிடம் சொல்லிவிட்டு ரமணாவைக் கூட்டிக்கொண்டு மெஷினைச் சுற்றிப் போனேன். அவன் அந்தப் பக்கம் வந்ததே இல்லை என்பது வழியில் கிடந்த கூடைகளில் அவன் இடித்துக்கொண்டதிலிருந்து தெரிந்தது.

கரண்ட் போய்விட்டது என்று நினைத்து யமுனா வேலையை ஆரம்பித்திருந்தாள். ஈரத் தரையில் மண்டி போட்டு, இரும்பில் கன்னத்தை அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். வலது கை முழங்கைக்கு மேல்வரை அந்த வாய்க்குள் இருந்தது. உதடு எதையோ முணுமுணுத்தது, சாமி பேராக இருக்கலாம். நாங்கள் வந்தது அவளுக்குத் தெரியவில்லை.

ரமணா அசையாமல் நின்றான்.

அந்தப் பக்கத்திலிருந்து ஹரிபாபு பொறுக்க முடியாமல் கத்தினான்: "மெயின் போட்டுடட்டாக்கா?"

"வாணாம்டா!" என்று ரமணா போட்ட கூச்சலில் என் காதே அடைத்தது. "வாணாம், தொடாத, தொடாத!"

யமுனா அலறிக்கொண்டு கையை வெளியே இழுத்தாள். கை தோள்பட்டைவரை மஞ்சளாக ஒழுகியது. முதலில் புருஷன் முகத்தைப் பார்த்தாள், பிறகு அவன் கையில் தொங்கிய ட்யூப்பை. அவளும் எங்கள் பக்கத்து விஜயபுரத்துக்காரிதான். அவள் ஊர்க் கிணற்று மோட்டார்களிலும் அதைத்தான் கட்டியிருப்பார்கள். யாரும் அவளுக்கு ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பிறகு அந்த வாய்க்கு மூடி போட்டார்கள். மூடி திறந்திருந்தால் காண்டாக்டருக்கே கரண்ட் போகாதபடி ஒரு ஸ்விட்ச் வைத்துக் கொடுத்தேன். மேடைமேலேயே ஒரு பச்சைப் பொத்தானும் வைத்தோம், ரமணா இறங்கி ஏறத் தேவையில்லாமல். எல்லாம் ஒரு நாள் வேலை. முன்னாலேயே யாராவது கேட்டிருந்தால் முன்னாலேயே செய்திருக்கலாம். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரமாக வருகிறது. ஆனால் நான் சொல்ல வந்தது அதையல்ல, அன்றைக்கு அந்த ஈரத் தரையில் நடந்ததை.

"தானா ஓடுதுன்னு எத்தினி வாட்டி சொன்னேன்" என்றாள் யமுனா. கத்தவில்லை. "ஒளற்ரேன்ன. எங்க அம்மாவுக்கு போன் போட்டு, உன் பொண்ணுக்கு இன்னாமோ புட்ச்சிக்கிச்சின்னு சொன்ன. அப்ப உனுக்கு தெரியும்."

"ஓடறது தெரியும்மே. நீ கைய வுடறது தெரியாது. மேல நின்னா இங்க ஒண்ணும் தெரில. திடுக்குனு ஓடறத பார்த்து பயந்துக்கிறன்னு நெனச்சேன். சொன்னா வேல பூடும்னு..."

"கரண்ட் இல்லாத நேரந்தான் பத்திரம்னு வுட்டேன்யா நானு" என்றாள் அவள்.



யமுனா எழுந்து, மெஷின் வாயைக் கையால் காட்டினாள். "உள்ள இன்னும் கொட்ட மாட்டிக்கினு கீது. நீ எடு."

ஹரிபாபு ஃபியூஸ் மூன்றையும் பிடுங்கிக் கையில் எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தான். ட்யூப்பை நான் வாங்கி என் பையில் போட்டுக்கொண்டேன். அந்த மெஷின் இனி ஓட வழியே இல்லை என்பது அங்கே நின்ற நாலு பேருக்கும் தெரியும். ரமணா சட்டைக் கையைச் சுருட்டினான். அவள் மண்டி போட்ட இடத்திலேயே மண்டி போட்டான். கையை நீட்டினான். விரல்கள் வாயின் விளிம்பைத் தொட்டன. அங்கேயே நின்றுவிட்டன.

"ஃபியூஸ் எங்கிட்ட கீது, மாமா" என்றான் ஹரிபாபு மெதுவாக.

"தெரியும்டா" என்றான் ரமணா.

தெரிந்தும் கை போகவில்லை. இன்னொரு தடவை நீட்டினான். மணிக்கட்டுவரை போயிருக்கும், சுட்டதுபோல் வெளியே எடுத்துக்கொண்டான். எனக்கு அவன்மேல் இரக்கம் வந்தது. இரக்கம் வந்ததே என்று என்மேல் கோபமும் வந்தது. தூரத்தில் சூப்பர்வைசர் கூழ் கெடுகிறது என்று தெலுங்கில் கத்திக்கொண்டு வந்தான். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

யமுனா அவனை எழுந்திருக்கச் சொல்லவில்லை. நகரு, நானே எடுக்கிறேன் என்றும் சொல்லவில்லை. கை காய்ந்து பிசுபிசுக்க அவன் பக்கத்திலேயே குந்தி உட்கார்ந்துகொண்டாள்.

"நான் தெனம் வுட்டேன்யா" என்றாள்.